பின்னால் பிடிக்கிற கை

அவன் யாரையாவது அறைந்தால், வலது கை கன்னத்தில் விழுவதற்கு முன்பே இடது கை அந்த ஆளின் பிடரிக்குப் போய்விடும். குழந்தைக்குத் தலை துவட்டும்போது தாய் பிடித்துக்கொள்வாளே, அந்த மாதிரி. பிடரியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அதற்கப்புறம்தான் அறை. சேக்காட்டிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் அந்த அறையை வாங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "அடிச்சதுகூட பரவால்லபா. பின்னாடி கைய வெச்சான் பாரு, அப்பதான் கால் ஆடிப்போச்சி."

நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கிய கன்னம் இதுதான் என்று இன்றைக்கும் தொட்டுக் காட்டுவேன்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவன். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இன்றைக்கு அம்பத்தூரில் என் ஷெட்டைத் தாண்டி இன்னொரு ஷெட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன் ஒன்று ஊருக்குப் புதுசாக இருக்க வேண்டும், இல்லை என்னிடம் சண்டை போட்டவனாக இருக்க வேண்டும். எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்து ஷெட்டில் நின்று கண்ணால் பார்த்துத் திருடினேன். அவனுக்குத் திருடுவதற்குக்கூட ஒரு பக்கத்து ஷெட் இருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னைவிட அவன் பெரிய ஆள் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அவன் டிங்கர். மோதி நசுங்கிய வண்டியின் தகரத்தைத் தட்டி நேராக்குகிறவன். சேக்காட்டில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு. அவன் தட்டிக் கொடுப்பான், நான் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடிப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். மாமே என்று அவன் என்னைக் கூப்பிடுவான், நானும் அவனை அப்படித்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு அம்பாசடர் கதவு வந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு சொட்டை. இதற்குப் போய் அவனை எதற்குக் கூப்பிடுவது என்று நானே பள்ளத்தில் பட்டியைக் கனமாக அப்பி, தேய்த்து, பெயின்ட்டும் அடித்துவிட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் வந்தான். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினான். டொக் என்றது.

"இன்னா மாமே சத்தம் இது. தகரமா, தோசை மாவா?"

"சின்ன சொட்டைதான மாமே."

இடது கை என் பிடரிக்கு வந்தது. சமாதானம் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். காதுக்குள் சங்கு ஊதினாற்போல ஒரு சத்தம். கீழே விழுந்திருக்க வேண்டியவன், அவன் கை பிடித்திருந்ததால் நின்றபடியே அழுதேன்.

"சுரண்டு எல்லாத்தையும்," என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் அவனே ஒரு வடையை என் இலையில் வைத்தான். அந்தத் தைரியத்தில் கேட்டேன். "அடிக்கிற, சரி. எதுக்கு மாமே பின்னாடி புடிக்கிற? தலை செவுத்துல மோதிக்கும்னு பாக்கிறியா?"

சிரித்தான். "போடா. புடிக்கலன்னா நீ சாஞ்சிடுவ. பாதி அடி காத்துல பூடும். புடிச்சாதான் முழுசா உள்ள எறங்கும்."

கடித்த வடையை இலையிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அவன் பழைய தொழில் அதுதான். அந்தப் பக்கத்துச் சாராயக் கடைகளையெல்லாம் ஏலம் எடுத்து நடத்தின ஒருத்தர் இருந்தார். முதலாளி என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவருக்கு இவன் அடியாள். எதிர்க் கடை போட்டவன், கடையில் தகராறு செய்தவன், ஓசியில் குடித்துவிட்டு வாய் பேசினவன் எல்லாரும் இவன் கைக்குத்தான் வருவார்கள். ஒரு தடவை முதலாளியின் ஜீப் எங்கேயோ மோதி மட்கார்டு நசுங்கிவிட்டது. பூந்தமல்லியில் ஒரு டிங்கரிடம் விட்டார்கள். அவர் வேலை முடிக்கத் தாமதமாக்கினார் என்று அவரையும் அடித்துத் துரத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த ஜீப்பைத் தொட ஒரு டிங்கரும் வரவில்லை. முதலாளி இவனைக் கூப்பிட்டார். "தட்டத்தானடா உன்ன வெச்சிக்கீறேன். நீயே தட்டு."

தட்டினான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தட்டினான். ஆளை அடிக்கிற மாதிரியே தகரத்தை அடித்தான். மட்கார்டு பொரித்த அப்பளமாக ஆகிவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் இடுப்பில் ஒரு உதை விட்டு, "உனக்கு மனுசன மட்டும்தான்டா அடிக்கத் தெரியும்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குள் போய்விட்டது. உதை போகவில்லை, சிரிப்புதான் போனது. பழைய இரும்புக் கடையிலிருந்து உடைந்த கதவுகளை வாங்கிக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய்விடுவான். ஒரே சத்தம். யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று ஏரியில் மாடு கழுவ வந்தவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடுவார்களாம். கதவு கதவாகக் கெடுத்தான். ஒரு நாள் புத்தியில் பட்டது. திறந்த வெளியில் அடித்தால் ஆள் விழுந்து எழுந்து ஓடுவான், சுவரில் சாய்த்து அடித்தால் எழமாட்டான். அப்படியென்றால் தகரத்துக்கும் பின்னால் ஒரு சுவர் வேண்டும். ரயில் பாதை ஓரத்தில் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஆக்கினான். தகரத்துக்குப் பின்னால் இடது கையில் அதைக் கொடுத்து, முன்னால் சுத்தியால் தட்டினான். தகரம் கேட்டது. அதோடு அடியாள் வேலையை விட்டுவிட்டான்.

டிங்கர் என்றால் எல்லாருமே அப்படி ஒரு இரும்பைப் பின்னால் கொடுத்துத்தான் தட்டுவார்கள், அதற்கு டாலி என்று பேர்கூட உண்டு என்பது அவனுக்குப் பிற்பாடுதான் தெரியும். தெரிந்தபோது இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தான். தான் கண்டுபிடித்ததை ஊர் முழுக்கத் திருடிவிட்ட மாதிரி.

இன்னொன்றும் அந்தக் கெட்டுப்போன கதவுகள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தன. தகரம் அடி வாங்க வாங்க நீளும். நீண்ட தகரத்துக்குப் போக இடம் இருக்காது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் உப்பும். அதற்கு மேலும் தட்டினால் கிழியும். அந்த மாதிரி தகரம் வந்தால், உள்பக்கம் இடது கையை விட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டு தடவுவான். "இது நீண்டுபோச்சி. வுட்டுடு," என்பான். வண்டிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் சுத்தியைத் தொடமாட்டான்.

வேலை முடிந்ததும் கை கழுவி, இடது கைக்கு மட்டும் தேங்காயெண்ணெய் தடவுவான். "இன்னா மாமே, ஒரு கைக்கு மட்டும் கல்யாணமா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவன் பாட்டுக்கு விரல் விரலாகத் தடவிக்கொண்டிருப்பான்.

தொழில் சூடுபிடித்தது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்களின் ஸ்கூட்டர், வேன், கார் எல்லாம் வந்தன. பூந்தமல்லியில் சொந்தமாகப் பஸ் விடுகிற ஒருத்தர், லாரி உரசிய பஸ் ஒன்றை அனுப்பினார். அவருடைய மேனேஜர் வந்து நின்று, "எப்ப முடிப்ப, எப்ப முடிப்ப" என்று வாயைக் கொடுத்தார். இடது கை அவர் பிடரிக்குப் போனதை நான் பார்த்தேன். தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. தொழில் போச்சு என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மறுநாள் பஸ் முதலாளி தானே வந்தார். பஸ்ஸின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். "இனிமே எல்லா வண்டியும் உன்கிட்டதான். மேனேஜர மட்டும் அனுப்ப மாட்டேன்," என்றார்.

அன்றைக்குத்தான் போர்டு எழுதச் சொன்னான். எனக்குக் கையெழுத்து போட வராது, ஆனால் போர்டு எழுத்து வரும். எழுத்தைப் படம் மாதிரி வரைந்துவிடுவேன்.

"பேரு இன்னா போடட்டும்?"

"பேரு வாணாம். டிங்கர்னு போடு. பெருசா."

"வெறும் டிங்கரா?"

"எங்க போனாலும் அடியாள் வர்றான்றானுங்க மாமே. எம் பொண்ணு ஸ்கூல்லகூட அப்படித்தான் கூப்பிடுறானுங்களாம். டிங்கர்னு போடு. அதான் நானு."

சிவப்பில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்தேன். அந்த எழுத்து மாதிரி இன்றைக்குக் கம்ப்யூட்டரில்கூட வராது.

போர்டின் பெயின்ட் வாசனை போவதற்குள் முதலாளி வந்தார். நல்ல வெயில் நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்ட்ரைக். கேட் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைக் கலைக்கிற வேலையை அவர் ஏற்றுக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டு நாள் வா. பழைய மாரி," என்றார்.

"முடியாது நைனா. பஸ் நிக்குது."

"நான் இல்லன்னா நீ சுத்தியே புடிச்சிருக்க மாட்ட."

"ஆமா நைனா. அதுக்காக இப்ப வுட முடியாது."

முதலாளி போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார். "சரி. அந்த அடிக்கிற கை என்னுது. நான் சோறு போட்டு வளத்தது. அத குடுத்துடு. அப்புறம் நீ இன்னா வேணா ஆயிக்கோ."

கூட வந்தவர்களில் இரண்டு பேர் என்னைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தார்கள். பின்னால் சுவர். எனக்கு அவன் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. இவன் இடத்துக்குப் புதிதாக வந்த அடியாள் ஒருத்தன் முன்னால் வந்தான். ஒல்லியான ஆள், ஒரு காது மடல் கிழிந்து தொங்கும். எங்கள் சுத்தியையே எடுத்துக்கொண்டான்.

இவன் ஓடவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் வலது கையைத் துடைத்தான். தட்டுவதற்கு நாங்கள் தரையில் பதித்திருந்த பெரிய தண்டவாளத் துண்டின் மேல் அதை வைத்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டைக்குள் சொருகிக்கொண்டான். பயத்தில் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கிழிந்த காதுக்காரன் சுத்தியை அதன் தலைக்குப் பக்கத்திலேயே பிடித்து ஓங்கினான். முதல் அடி விரல் நுனியில் விழுந்தது. முதலாளி பின்னாலிருந்து அவன் தொடையில் எட்டி உதைத்தார். "பொட்ட மாரி தட்டாத."

இவன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பையனிடம் சொன்னான். "கிட்டத்துல புடிக்காதடா. காம்போட கடேசில புடி. அப்பதான் கனமா எறங்கும்."

அவன் காம்பின் கடைசியில் பிடித்தான். எனக்குத் தகரச் சத்தம் பழக்கம். அது தகரச் சத்தம் இல்லை. ஈர விறகை மிதித்து ஒடிக்கிற மாதிரி. நிறுத்தவே இல்லை. முதலாளிதான் போதும் என்றார். போகிறபோது போர்டைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். "டிங்கராம்," என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அவன் மனைவி கழுத்தில் ஜெபமாலையோடு ஓடி வந்தாள். மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தாள். அழவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"எந்தக் கைண்ணா?"

"வலது கைமா."

"இடது?"

"நல்லா கீது."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். "அப்ப சரி," என்றாள். இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். "இன்னாமா சரி? சோறு எப்டி துன்னுவான்?" என்று கத்தினேன்.

"நான் ஊட்டிக்கிறேன்," என்றாள்.

கட்டுப் பிரித்தபோது வலது கை பிடுங்கி எறிந்த ஆணிகள் மாதிரி இருந்தது. ஒரு விரல் அந்தப் பக்கம், ஒரு விரல் இந்தப் பக்கம். ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது. ரோடு முழுக்க அவன் கதை முடிந்தது என்று பேசினார்கள். பஸ் முதலாளி மட்டும், பாவம் பார்த்தாரோ சோதித்துப் பார்த்தாரோ, பள்ளத்தில் சாய்ந்த பஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பக்கம் முழுவதும் கசக்கிய காகிதம்.

"வா மாமே. சுத்திய எடு," என்றான் என்னிடம்.

"நான் பெயின்டர் மாமே."

"சுத்தி எவன் வேணா புடிப்பான். வா."

பஸ்ஸுக்குள் ஏறிப்போய் உள்பக்கத் தகரத்தைக் கழற்றச் சொல்லி, இடது கையில் அந்தத் தண்டவாளத் துண்டோடு உட்கார்ந்துகொண்டான். நான் வெளியே நின்றேன். நடுவில் தகரம். அவன் எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து டொக் டொக் என்று இடம் காட்டுவான், நான் அங்கே தட்ட வேண்டும். "மேல. இன்னும் கொஞ்சம். அங்க இல்லடா குருடா, என் கை எங்க கீதோ அங்க." என் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்பான். தட்டினால் அது எழும்பும். மத்தியானத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருஷமும் நாங்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தது சுத்தி பிடித்த கையை. வேலை செய்தது மற்றது. முதலாளி கேட்டு வாங்கிக்கொண்டு போனது அடியாளின் கையைத்தான். டிங்கரின் கை முதுகுக்குப் பின்னால் சட்டைக்குள் இருந்தது. எண்ணெய் தடவியதும், அவன் மனைவி மூச்சு விட்டதும் அப்போதுதான் எனக்கு அர்த்தமானது.

ஒரு அடி தவறிப்போய் நல்ல தகரத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து இறங்கி வந்து இடது கையால் என்னை ஒரு அறை அறைந்தான். பின்னால் பிடிக்கக் கை இல்லை. நான் அரை அடி சாய்ந்தேன். அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடா இளிக்கிற?"

"பாதி காத்துல பூட்ச்சி மாமே."

கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு பஸ் படியில் உட்கார்ந்து, அந்த ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

அதற்கப்புறம்தான் அவன் பெரிய ஆளானான். கீற்று போய் ஷீட் கூரை வந்தது. திருவள்ளூர் ரோட்டில் எந்த வண்டி முட்டிக்கொண்டாலும் எங்கள் வாசலுக்குத்தான் இழுத்து வருவார்கள். புது போர்டு, முன்னதைவிடப் பெரிசு, நான் எழுதினது. அவன் முன்பு இரண்டு கையால் செய்ததைவிட, என் கையும் அவன் கையுமாகச் செய்தது சுத்தமாக இருக்கும். என் கையும் சும்மா கை இல்லை. சொன்ன இடத்தில் சொன்ன கனத்தில் விழும். இதை நானே சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வார்கள்.

சர்க்காரில் சாராயக் கடைகளை மூடினார்கள். முதலாளியை அவர் வீட்டு வாசலிலேயே யாரோ வெட்டிப் போட்டார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எத்தனை இடத்தில் வெட்டு என்று சொன்னேன். "அந்த வேன் கதவ புடி," என்றான் அவன்.

பிறகு ஒரு காலையில் ஒரு வேன் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றது. பக்கக் கதவு உள்ளே போயிருந்தது. டிரைவர் இறங்கி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, உடம்பு வற்றியிருந்தது. ஆனால் அந்தக் காதை எனக்குத் தெரியாதா. கிழிந்து தொங்குகிற காது.

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தண்டவாளத் துண்டு பக்கத்தில் தள்ளினேன். முழங்கால் இடித்து விழுந்தான். என் இன்னொரு கையில் சுத்தி இருந்தது.

"அண்ணாத்தே, வேற எவனும் இன்னிக்குள்ள முடியாதுன்னுட்டான். ஓனரு பாத்தா கொன்னுடுவாரு," என்று அழுதான்.

"ஓனரு எதுக்கு, நாங்க இல்ல?" என்றேன்.

இவன் எழுந்து வந்தான். கிழிந்த காதுக்காரனைத் தூக்கி நிறுத்தினான். இடது கையை அவன் பிடரிக்குக் கொண்டுபோனான். ஏந்திக்கொண்டான். வலது கை அவனுக்கு இல்லை, என் கைதான் இருந்தது. நான் சுத்தியைக் காம்பின் கடைசியில் பிடித்து ஓங்கினேன். கனமாக இறங்க வேண்டும்.

"தட்டட்டுமா மாமே?"

கண்ணை மூடியிருந்தான். தலை சாய்ந்திருந்தது. விரல்கள் அந்த ஆளின் பின்மண்டையில் மெதுவாக ஊர்ந்தன. காதுக்குப் பின்னால் போயின. கழுத்து எலும்பில் நின்றன, மறுபடி மேலே ஏறின. அந்த ஆளுக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை எடுக்கவில்லை.

"மாமே, இது நீண்டுபோச்சி," என்றான்.

"இன்னா?"

"எவனெவனோ ரொம்ப நாளா அடிச்சிக்கீறான். எல்லாப் பக்கமும். இனிமே தட்டினா கிழியும். வுட்டுடு."

"உன் கைய ஒடச்சவன் மாமே இவன்."

"மிச்சக் கைதான் சொல்லுது. வுடு."

பிடரியிலிருந்து கையை எடுத்தான். அந்த ஆள் சாயவில்லை, நின்றான். தன் பின்மண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். இன்றைக்கு வந்து நின்றாலும் விட மாட்டேன். ஓங்கிய சுத்தி என் கையில் அப்படியே நின்றது.

இவன் போய் வேனுக்குள் ஏறினான். உள்பக்கத் தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, இரும்பால் டொக் டொக் என்று இடம் காட்டினான்.

"இன்னா மாமே, தூங்கிட்டியா? தட்டு."

இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு அடி வைத்தேன்.

"மெதுவாடா," என்றான் உள்ளேயிருந்து.